இதயம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அறிவியல் வகுப்பு, ஆஸ்பத்திரி வராந்தா, கோயில் பிரகாரம், குடும்ப வாட்ஸ்அப் குழு என எங்கே இதயப் பேச்சு எழுந்தாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட தொனியிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

1. இதயம் இடது பக்கம்தானே இருக்கு? சத்தியம் பண்றப்போகூட அங்கதானே கை வைக்கிறோம்?

நடு மார்பில், மார்பெலும்புக்குப் பின்னால், இரண்டு நுரையீரல்களுக்கும் இடையில் இருக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நடுக்கோட்டைத் தாண்டி இடப்புறம் சாய்ந்திருக்கும். கீழ்முனை இடப்பக்க ஐந்தாவது விலா இடைவெளியில் மார்புச் சுவரை முட்டுவதால், துடிப்பு கையில் தட்டுப்படுவது அங்கேதான். இதயமே அங்கே இருப்பதாக நாம் நினைப்பதற்கு அதுதான் காரணம். வளர்ந்தவரின் இதயம் அவரவர் மூடிய முட்டி அளவு இருக்கும். எடை 250 முதல் 350 கிராம்.

சிலருக்கு இது வலப்புறம் சாய்ந்தே பிறப்பிலிருந்து அமைந்திருக்கும். கல்லீரல், இரைப்பை உட்பட எல்லா உறுப்புகளும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் மாறியிருப்பது சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு. பெரும்பாலோர் அது தெரியாமலே வாழ்ந்துவிடுவார்கள்.

2. 'லப் டப்'னு கேக்குறது இதயம் சுருங்குற சத்தமா?

இல்லை, வால்வுகள் மூடும் சத்தம். கீழறைகள் சுருங்கத் தொடங்கும்போது மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே உள்ள இரண்டு வால்வுகள் அடைபடுகின்றன, அது 'லப்'. ரத்தம் வெளியேறி முடிந்ததும் பெருந்தமனி, நுரையீரல் தமனி வாசல்களில் உள்ள இரண்டும் மூடுகின்றன, அது 'டப்'. வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசிந்தாலோ, வாசல் சுருங்கிப்போனாலோ இடையில் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் சேரும். குழந்தைகளில் பெரும்பாலும் அந்த இரைச்சலால் கெடுதல் இருக்காது. ஆனாலும் அதை முடிவு செய்ய வேண்டியது எக்கோ என்ற இதய ஸ்கேன் பரிசோதனை, பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

3. ஒரு நாளைக்கு எத்தனை தடவை துடிக்கும்?

ஓய்வில் நிமிடத்துக்கு 70 என்று வைத்தால் நாளைக்கு ஒரு லட்சம். ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி ரத்தம், நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். உடலில் இருக்கும் மொத்த ரத்தமும் கிட்டத்தட்ட 5 லிட்டர்தான். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள், 9ஆம் கேள்வியில் தேவைப்படும்.

4. சீட்டுக்கட்டு ஆர்ட்டின் வடிவம் நிஜ இதயம் மாதிரியே இல்லையே, எங்கிருந்து வந்துச்சு?

நிஜ இதயம் தலைகீழாகச் சாய்த்த கூம்பு. மேலே குழாய்கள், மேற்பரப்பில் மஞ்சள் கொழுப்பு. அழகான பொருள் என்று சொல்ல முடியாது. ஐரோப்பிய ஓவியங்களில் காதலுக்கும் பக்திக்கும் அடையாளமாக இதயம் தோன்றும்போது முதலில் பைன் மரக் காயைப்போல, மேட்டில் பள்ளமில்லாமல்தான் இருந்தது. இத்தாலியின் பாதுவா நகரில் ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்தில் ஜோத்தோ சுமார் 1305இல் வரைந்த 'ஈகை' என்ற பெண் நீட்டும் இதயம் அப்படிப்பட்டது. நடுப்பள்ளம் 14ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. 15ஆம் நூற்றாண்டில் சீட்டு அச்சிட ஆரம்பித்ததும் வடிவம் உறைந்துவிட்டது.

வட ஆப்பிரிக்காவின் சைரீன் நாணயங்களில் உள்ள சில்ஃபியம் விதைதான் மூலம் என்ற கதை இணையத்தில் சுற்றுகிறது. விதை அந்த வடிவில் இருப்பது உண்மை. ஆனால் அந்த நாணயத்துக்கும் இடைக்கால ஓவியருக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி, இணைக்கும் சான்று எதுவும் இல்லை. சிந்துவெளிப் பானைகளில் அரச இலையும் இதே வடிவில் இருக்கிறது. அதையும் யாராவது ஒருநாள் மூலம் என்று எழுதுவார்கள்.

5. எகிப்துக்காரங்க மூளையை மூக்கு வழியா எடுத்துப் போட்டுட்டு இதயத்தை மட்டும் ஏன் உள்ளேயே விட்டாங்க?

மறுமையில் தீர்ப்பு இதயத்துக்குத்தான். இறந்தவரின் இதயம் தராசின் ஒரு தட்டில், நீதித் தெய்வமான மாத்தின் இறகு மறு தட்டில். கனம் கூடினால் முதலைத் தலையுள்ள அம்மித் அதைத் தின்றுவிடும். பிறகு அந்த ஆளுக்கு மறுவாழ்வே கிடையாது. தன் இதயமே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளும் மந்திரத்தைக் கல் வண்டு ஒன்றில் பொறித்து மார்பில் வைத்தார்கள். கல்லீரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கும் தனித்தனிச் சாடிகளுக்குப் போயின. மூளைக்குச் சாடியே இல்லை. இது விதி, நடைமுறையில் இதயமில்லாத மம்மிகளும் இருப்பதை சிடி ஸ்கேன்கள் காட்டியிருக்கின்றன.

இவர்களை வெறும் மூடநம்பிக்கைக்காரர்களாக நினைக்க வேண்டாம். கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட ஈபர்ஸ் பாப்பிரஸ், மருத்துவர் தலை, கை, கால் என எங்கே விரல் வைத்தாலும் இதயத்தையே தொடுகிறார், அது எல்லா உறுப்பின் குழாய்களிலும் 'பேசுகிறது' என்கிறது. நாடித்துடிப்பு இதயத்திலிருந்து வருகிறது என்பது அதில் தெளிவாகவே இருக்கிறது.

6. அரிஸ்டாட்டில் அவ்வளவு பெரிய அறிவாளி. அவரே இதயம்தான் யோசிக்குதுன்னு எப்படி நம்பினார்?

கண்ணால் பார்த்ததை வைத்துத்தான். அடைகாக்கும் முட்டைகளை வெவ்வேறு நாட்களில் உடைத்துப் பார்த்தவர் அவர். மூன்று நாள் கழிந்த முட்டையில் ரத்தப் பொட்டுப்போல ஒன்று துடிப்பதைக் கண்டார். உயிரின் முதல் அசைவு அதுதான். இதயம் சூடானது, எல்லா ரத்தக் குழாயும் அங்கே சேர்கிறது, பயமோ மகிழ்ச்சியோ வந்தால் அது மாறுகிறது. மூளையோ குளிர்ந்தது, தொட்டாலும் உணர்வில்லாதது. ஆகவே மூளையின் வேலை உடல் சூட்டைத் தணிப்பது என்று முடிவுகட்டினார்.

பார்த்தவை பெரும்பாலும் சரி. அவற்றிலிருந்து தாவிய முடிவுதான் பிசகு. அவருக்கு முன்பே ஹிப்பாக்கிரட்டிஸ் மரபு நூலொன்று சிந்தனையும் வலியும் மூளையில் என்று சொல்லியிருந்தது. பின்னால் வந்த கிரேக்க மருத்துவர் கேலன் (பிறப்பு கி.பி. 129), உயிருள்ள பன்றியின் குரல்வளை நரம்பை அறுத்து, கத்திக்கொண்டிருந்த பன்றி சட்டென்று ஊமையாவதைக் கூட்டத்தின் நடுவே செய்து காட்டினார். குரல் இதயத்திலிருந்து வருகிறது என்ற கட்சி அந்த மேடையில் தோற்றது. மக்கள் பேச்சில் அது இன்றுவரை தோற்கவில்லை.

'தொட்டால் உணர்வில்லை' என்ற அரிஸ்டாட்டிலின் வாதத்துக்கு ஒரு வேடிக்கையான பதில் 17ஆம் நூற்றாண்டில் கிடைத்தது. சிறு வயதில் விழுந்து விலா நொறுங்கி, மார்பில் ஆறாத ஓட்டையோடு வளர்ந்த ஒரு பிரபுவின் மகனை, ரத்த ஓட்டத்தை நிரூபித்த ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி பரிசோதித்தார். ஓட்டை வழியே இதயத்தை விரலால் தொட்டார், மன்னர் முதலாம் சார்லசும் தொட்டார். அந்த இளைஞருக்குத் தொட்டதே தெரியவில்லை.

7. சங்கப் பாட்டுல 'நெஞ்சே'ன்னு கூப்பிடுறது இந்த இதயத்தையா, மனசையா?

இரண்டையும் பிரிக்காத ஒன்றை. குறுந்தொகையின் செம்புலப்பெயல் நீர்ப் பாட்டில் கலப்பவை 'அன்புடை நெஞ்சம்'. அகப்பாடல்களில் தலைவன் பொருள் தேடப் போகும் வழியில் நெஞ்சோடு வழக்காடுகிறான். அது அவனைக் கேளாமல் தலைவியிடம் திரும்பி ஓடுகிறது. திருக்குறளில் இதற்கென்றே இரண்டு அதிகாரங்கள்: 125 நெஞ்சொடு கிளத்தல், 130 நெஞ்சொடு புலத்தல். காதல் நோய்க்கு ஒரு மருந்து யோசித்துச் சொல்லேன் என்று தலைவி கெஞ்சுவது நெஞ்சிடம். காமத்துப்பாலின் கடைசிப் பகுதியில் அவள் கோபிப்பதும் நெஞ்சிடம்தான்: அவர் நெஞ்சு அவருக்குத் துணை நிற்கிறதே, நீ ஏன் எனக்கு நிற்கவில்லை என்று.

உடற்கூற்று விளக்கம் தேடி இந்தப் பாடல்களுக்குப் போகிறவர் ஏமாறுவார். ஆனால் தனக்குள்ளே தன் பேச்சைக் கேளாத ஒன்று இருக்கிறது என்பதை இவ்வளவு கூர்மையாகக் கவனித்தவர்களை உடற்கூறு தெரியாதவர்கள் என்று ஒதுக்குவதும் சரியில்லை.

8. ரத்த ஓட்டம் நம்ம ஆளுங்களுக்கு முன்னாடியே தெரியும், வெள்ளைக்காரன் பேர் வாங்கிட்டான்னு சொல்றாங்களே?

உள்ளதை உள்ளபடி பார்ப்போம். பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதை இதயத்தைக் கீழ்நோக்கிய தாமரை மொட்டு என்கிறது. விழிப்பில் விரியும், உறக்கத்தில் கூம்பும். சத்துநீர் இதயத்திலிருந்து 24 குழாய்கள் வழியே மேலே, கீழே, பக்கவாட்டில் என உடல் முழுக்கப் போகிறது என்றும் சொல்கிறது. பேல சம்ஹிதையில், இதயத்திலிருந்து புறப்படும் ரசம் நாளங்கள் வழியாக இதயத்துக்கே வந்து சேர்கிறது என்ற வரியே உண்டு. நல்ல ஊகம், பெருமைப்படலாம்.

இல்லாதவை எவை என்றால்: நான்கு அறைகள், வால்வுகள், நுரையீரல் வழிச் சுற்று, ரத்தத்தின் அளவு, அதைச் சோதித்துக் காட்டும் வழி. சித்த மருத்துவர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்ப்பது துடிப்பின் நடையை வகைப்படுத்தும் கலை. துடிப்பின் வேகம், ஒழுங்கு, வலு மூன்றையும் அதே மணிக்கட்டில் இன்றைய மருத்துவரும் பார்க்கிறார், முடிவுக்கு வரும் வழிதான் வேறு.

9. சரி, அப்ப ஹார்வி புதுசா என்னதான் நிரூபிச்சார்?

முதலில் அவர் எதை எதிர்த்தார் என்று தெரிய வேண்டும். 6ஆம் பதிலில் வந்த கேலனின் கணக்குப்படி, கல்லீரல் சாப்பாட்டிலிருந்து ரத்தத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும்; உறுப்புகள் அதை உறிஞ்சித் தீர்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் ரத்தம் இதயத்தின் நடுச்சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே வலமிருந்து இடம் கசியும். மனித உடலை அறுக்க முடியாத ரோமில் அவர் குரங்கு, பன்றி, மாடுகளை வைத்துச் சொன்னது இது. 1400 ஆண்டுகள் நின்றது.

துளை இல்லை என்று முதலில் அடித்துச் சொன்னவர் டமாஸ்கஸில் பிறந்து கெய்ரோவில் மருத்துவம் பார்த்த இப்னு அல்-நஃபீஸ். 1242இல் எழுதிய உரையில், நடுச்சுவர் தடித்தது, துளையற்றது. ரத்தம் நுரையீரலுக்குப் போய்க் காற்றோடு கலந்துதான் இடப்பக்கம் வர முடியும் என்றார். அந்தக் கையெழுத்துப் படியை 1924இல் பெர்லினில் ஓர் எகிப்திய மருத்துவர் கண்டெடுக்கும்வரை அவருடைய இந்தக் கண்டுபிடிப்பு மறந்தே கிடந்தது. 1553இல் இதையே எழுதிய ஸ்பானிய மருத்துவர் மிகேல் செர்வெட்டஸ், மதக் கருத்துகளுக்காக ஜெனீவாவில் நூலோடு எரிக்கப்பட்டார்.

ஹார்வியின் 1628ஆம் ஆண்டு நூல் பிராங்பர்ட்டில் அச்சாயிற்று. அதன் பலம் ஒரு பெருக்கல். ஒரு துடிப்புக்கு வெறும் அரை அவுன்ஸ் போகிறது என்றே வைப்போம், அரை மணிக்கு ஆயிரம் துடிப்பு என்றே வைப்போம். 500 அவுன்ஸ், சுமார் 15 கிலோ! எண்களை வேண்டுமென்றே குறைத்துப் போட்டும் இவ்வளவு. உடலில் அவ்வளவு ரத்தமே கிடையாது. எவ்வளவு தின்றாலும் அரை மணியில் அவ்வளவு உண்டாக்கவும் முடியாது. (3ஆம் பதிலின் எண்களைப் போட்டால் மணிக்கு 300 லிட்டர்.) ஆகவே அதே ரத்தம்தான் சுற்றி வருகிறது.

10. அதை வீட்டுல நாமே செஞ்சு பாக்க முடியுமா?

பாதி முடியும். முழங்கைக்கு மேலே ஒரு துணிப்பட்டையை மிதமாகக் கட்டுங்கள்: மணிக்கட்டில் நாடி கிடைக்க வேண்டும், முன்கை நாளங்கள் (ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் குழாய்கள்) புடைக்க வேண்டும். நாடி நின்றுபோனால் கட்டு இறுகிவிட்டது, தளர்த்துங்கள். மிதமான கட்டில் கை சிவந்து வீங்குவது ஏனென்றால், ஆழத்தில் ஓடும் தமனி வழியே ரத்தம் உள்ளே வருகிறது, மேலோட்டமான நாளம் வழியே வெளியேற முடியவில்லை.

புடைத்த நாளத்தில் ஆங்காங்கே சிறு முடிச்சு தெரியும், அவை வால்வுகள். ஒரு விரலால் முடிச்சுக்குக் கீழே, கைப்பக்கமாக அழுத்திக்கொண்டு, மறு விரலால் அந்த நாளத்தை முடிச்சைத் தாண்டித் தோள்பக்கமாக வழித்துவிடுங்கள். வழித்த பகுதி தட்டையாகவே நிற்கும். மேலிருந்து ரத்தம் இறங்காது. கீழ்விரலை எடுத்தால் உடனே கீழிருந்து நிரம்பும். நாளத்தில் ரத்தம் இதயத்தை நோக்கி மட்டும்தான் போகிறது என்பதற்கு இதைவிட மலிவான சோதனை கிடையாது. ஓரிரு நிமிடத்தில் கட்டை அவிழ்த்துவிடுங்கள். சர்க்கரை நோய், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, கையில் டயாலிசிஸ் ஃபிஸ்டுலா உள்ளவர்கள் செய்யவே கூடாது.

தமனி எப்படி நாளத்தோடு சேர்கிறது என்பதை ஹார்வி பார்க்கவில்லை, நுண்ணோக்கி அவரிடம் இல்லை. 1661இல் இத்தாலிய மருத்துவர் மால்பீகி தவளை நுரையீரலில் தந்துகிகள் என்ற மயிரிழைக் குழாய்களைக் கண்டபோது ஹார்வி இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்னொன்று: ரத்தம் சுற்றுகிறது என்று நிரூபித்த பிறகும் உடம்பிலிருந்து ரத்தத்தை வெளியேற்றும் வைத்தியம் இரு நூற்றாண்டுக்கு மேல் தொடர்ந்தது. ஹார்வியே அதைச் செய்தார்.

11. லியனார்டோ டாவின்சி இதயத்தைப் பத்தி எல்லாத்தையும் கண்டுபிடிச்சார்னு சொல்றது உண்மையா?

எல்லாவற்றையும் இல்லை; ஒன்றை அபாரமாக. சுமார் 1513இல் மாட்டு இதயத்தின் பெருந்தமனி வாசலைக் கண்ணாடியில் வார்க்கத் திட்டமிட்டு, தண்ணீரில் புல்விதை கலந்து ஓட்டம் எப்படிச் சுழலுகிறது என்று வரைந்தார். வால்வுக்குப் பின்னால் உள்ள புடைப்பில் எழும் சுழல்தான் வால்வு இதழ்களை மூடத் தள்ளுகிறது என்றார். 1960களில் ஆக்ஸ்ஃபோர்டில் செய்த சோதனைகள் அதையே காட்டின. ஆனால் ரத்தம் சுற்றுகிறது என்பதை அவர் எட்டவில்லை. கேலனின் துளைகளையும் விடவில்லை. குறிப்புகளை அச்சிடாததால் ஹார்விக்கு அவை உதவவும் இல்லை.

12. ஐரோப்பிய ராஜாக்கள் உடம்பை ஒரு ஊர்லயும் இதயத்தை இன்னொரு ஊர்லயும் புதைச்சாங்களாமே?

ஆம், பல நூறு ஆண்டு வழக்கம். 1199இல் அம்பு பட்டு இறந்த இங்கிலாந்தின் முதலாம் ரிச்சர்டின் குடல் ஷாலூயில், உடல் ஃபோந்தெவ்ரோவில், இதயம் ரூவானில். 2013இல் அந்த இதயத்தின் எஞ்சிய தூளை ஆராய்ந்தபோது சாம்பிராணி வகைக் குந்திரிக்கம், புதினா, பாதரசம் எல்லாம் கிடைத்தன. காரணம் பாதி பக்தி, பாதி போக்குவரத்து: வெயிலில் முழு உடல் வாரக்கணக்கில் தாங்காது, ஈயப்பெட்டியில் இதயம் தாங்கும். மூன்று இடத்தில் புதைத்தால் மூன்று இடத்தில் பிரார்த்தனை நடக்கும். உடலைப் பிரிப்பதை 1299இல் போப் எட்டாம் போனிஃபாஸ் தடை செய்தார். பணமும் அதிகாரமும் உள்ளவர்கள் விலக்கு வாங்கிக்கொண்டார்கள்.

இசைமேதை ஷோபான் 1849இல் பாரிஸில் இறந்தார். இதயம் மட்டும் மது நிறைந்த சாடியில் வார்சாவுக்குப் போய், தேவாலயத் தூணுக்குள் இருக்கிறது. 2014இல் சாடியைத் திறக்காமலே வெளியிலிருந்து பார்த்தவர்கள், இதய உறையைக் காசநோய் தாக்கிய அடையாளங்களைக் குறித்தார்கள்.

13. திருநின்றவூர்ல இதய நோயாளிங்க கும்பிடுற கோயில் இருக்கே, அதன் பின்னணி என்ன?

அது இருதயாலீஸ்வரர் கோயில். காசில்லாத பூசலார் மனத்துக்குள்ளேயே கல் கல்லாக ஒரு கோயில் கட்டுகிறார். குடமுழுக்குக்கு நாளும் குறிக்கிறார். அதே நாளில் காஞ்சிபுரத்தில் பல்லவ மன்னன் கட்டிய கற்றளிக்கும் குடமுழுக்கு. சிவன் மன்னனின் கனவில் வந்து, அந்த நாள் பூசலாருக்கு, நீ வேறு நாள் வை என்கிறார். சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய கதை இது. இதய நோய் தீர வேண்டிக்கொள்ளும் வழக்கம் இந்தக் கதையை ஒட்டி வந்தது. வேண்டிக்கொள்ளுங்கள்; மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

புதுச்சேரி ரயில் நிலையத்துக்கு அருகே இருக்கும் இருதய ஆண்டவர் பசிலிக்காவின் மரபு வேறு. பிரான்சில் 1670களில் மார்கரெட் மேரி அலக்கோக் என்ற கன்னியாஸ்திரி கண்ட காட்சிகளிலிருந்து பரவிய பக்தி அது. கோயில் 1900களின் தொடக்கத்தில் எழுந்தது.

14. கல்யாண மோதிரம் போடுற விரல்ல இருந்து இதயத்துக்கு நேரா ஒரு நரம்பு போகுதாமே?

போகவில்லை. ஐந்து விரலிலிருந்தும் ரத்தம் ஒரே மாதிரிப் பாதையில்தான் திரும்புகிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் ஔலஸ் கெல்லியஸ், எகிப்தியர் உடலை அறுத்தபோது இடக்கை மோதிர விரலிலிருந்து மெல்லிய நரம்பு ஒன்று இதயம்வரை போவதைக் கண்டதாக எழுதினார். அந்த வரியே காலப்போக்கில் காதல் நாளமாக மாறிவிட்டது.

15. பிபி மெஷின்ல வீட்டுல ஒண்ணு, டாக்டர்கிட்ட ஒண்ணு காட்டுதே. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம், அல்லது அளக்கும் விதம் தவறியிருக்கலாம். இது ரத்தக் குழாயையே திறந்து பார்க்கும் அளவீடாகத்தான் தொடங்கியது: 1733இல் நூலாக வெளியிட்ட சோதனையில் ஸ்டீவன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைச் செருக, ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறியது. கையில் சுற்றும் பட்டை 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி கொடுத்தது. பட்டையைத் தளர்த்தும்போது ஸ்டெதஸ்கோப்பில் தட்டல் சத்தம் தொடங்கும் இடம் மேல் எண், மறையும் இடம் கீழ் எண் என்று 1905இல் சொன்னவர் ரஷ்ய அறுவை மருத்துவர் கொரட்கோவ்.

அளக்கும் முன் அரை மணி நேரம் காபி, டீ, புகை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் மேல் கால் போடாமல் 5 நிமிடம் உட்காருங்கள். பட்டை சட்டை மேல் வேண்டாம். முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும். கை இதய மட்டத்தில் மேசைமேல். அளக்கும்போது பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை எடுங்கள். அதிகம் நடக்கும் தவறு தடித்த கைக்குச் சிறிய பட்டை: அளவு கூடுதலாகக் காட்டும். கையைத் தொங்கவிட்டாலும் கூடும். டாக்டர் அறையில் பதற்றத்தால் ஏறுவதும் உண்டு, அதனால்தான் ஒரே நாள் எண்ணை வைத்து மருந்து முடிவு செய்வது அரிது.

16. இசிஜி நார்மல்னா இதயத்துல ஒண்ணும் இல்லைன்னு அர்த்தமா?

இல்லை. இசிஜி அந்தச் சில வினாடிகளின் மின்னோட்டத்தைத் தோலிலிருந்து பதிவது. நடந்தால் மட்டும் வலி தரும் அடைப்பு, படுத்திருக்கும்போது எடுத்த இசிஜியில் தெரியாமல் போகலாம். மாரடைப்பின் ஆரம்பத்தில்கூட நார்மலாக வரலாம். அதனால்தான் சிறிது நேரம் கழித்து மறுபடி எடுக்கிறார்கள், இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற பொருளைப் பார்க்கிறார்கள்.

நெதர்லாந்தின் லெய்டனில் எய்ந்தோவன் 1900களின் தொடக்கத்தில் செய்த கருவி சுமார் 270 கிலோ. இயக்க ஐந்து பேர். நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் விட்டுக்கொண்டு உட்காருவார். அலைகளுக்கு அவர் வைத்த பி, க்யூ, ஆர், எஸ், டி என்ற பெயர்களே இன்றும். தவறும் அன்றைப் போலவே வயரில்தான்: வலக்கை, இடக்கை வயர் மாறினால் முதல் லீட் (இரு கைகளுக்கும் இடையே எடுக்கும் பதிவு) தலைகீழாகி, 1ஆம் பதிலில் சொன்ன வலப்புற இதயம்போல ஏமாற்றும்.

17. மணிக்கட்டுல ஓட்டை போட்டு இதயம் வரைக்கும் போறாங்களே, உள்ளே குத்தாதா?

ரத்தக் குழாயின் உட்சுவரில் ஊர்வதை உணரும் நரம்பு இல்லை. 6ஆம் பதிலில் வந்த இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். தோலில் மரத்துப்போக ஊசி, சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள உறை, அதற்குள் வளையும் கம்பி, கம்பிமேல் கத்தீட்டர் என்ற மெல்லிய குழாய், பிறகு எக்ஸ்ரேயில் தெரியும் சாயம்: இதுதான் ஆஞ்சியோ. சாயம் செலுத்தும்போது உடம்பு சூடாவதுபோல் இருக்கும். மணிக்கட்டுத் தமனி சுருங்கிப் பிடித்துக்கொள்வதுதான் அதிகம் வரும் தொல்லை. அதற்கு மருந்து செலுத்துவார்கள், முடியாவிட்டால் தொடை வழியே போவார்கள்.

முதன்முதலில் தன் உடம்பில் இதைச் செய்தவர் வெர்னர் ஃபோர்ஸ்மன். 1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டில், முழங்கை நாளத்தில் 65 சென்டிமீட்டர் குழாயைச் செருகிக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய், முனை இதயத்துக்குள் இருப்பதைப் படம் எடுத்தார். மருத்துவ உலகம் சர்க்கஸ் என்று ஒதுக்கியது. 1956இல் வேறு இருவரோடு நோபல் பரிசு வந்தது.

18. ஹார்ட் அட்டாக்கும் இதயம் நின்னு போறதும் ஒண்ணுதானே? அப்ப என்ன செய்யணும்?

வேறு வேறு. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் தரும் குழாய் அடைபடுவது. ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார். நடு மார்பில் அழுத்தம், தோள், தாடை, முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை. பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வெறும் மூச்சுத்திணறல், வாந்தி, அசதியாக வரலாம். 'வாயுப் பிடிப்பு' என்று சோடா குடித்து, ஓமத்திரவம் குடித்து இரவைக் கடத்துவதுதான் நம் ஊரில் உயிரெடுக்கும் தாமதம். உடனே 108, இலங்கையில் 1990. தானாக வண்டி ஓட்டிப் போகக் கூடாது.

இதயம் நின்றால் ஆள் சட்டென்று விழுவார், அழைத்தால் பதிலில்லை, மூச்சு இல்லை அல்லது விட்டுவிட்டு இழுக்கும். உதவிக்குக் கூப்பிட்டுவிட்டு, தரையில் மல்லாத்தி, மார்பின் நடுவில் (இடப்பக்கம் அல்ல, காரணம் 1ஆம் பதிலில்) உள்ளங்கை அடிப்பகுதியை வைத்து, மறுகையை மேலே கோத்து, முழங்கை மடக்காமல் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக எழ விடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். களைத்தவரின் அழுத்தம் ஆழம் குறையும். விலா முறியலாம், நிறுத்த வேண்டாம்.

'தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமுங்கள்' என்ற வாட்ஸ்அப் செய்தியை நம்பாதீர்கள். அடைப்பை இருமல் திறக்காது. போனை எடுக்க வேண்டிய நிமிடத்தை அது தின்றுவிடும்.

19. துக்கத்துல நெஞ்சு வெடிச்சுச் செத்துட்டாங்கன்னு சொல்றது வெறும் பேச்சுதானே?

முழுக்க வெறும் பேச்சு இல்லை. சிலப்பதிகாரத்தில் கணவன் உயிர் பிரிந்த அந்த நொடியே பாண்டிமாதேவியும் சாய்வது காவியம். அதற்கு மருத்துவச் சான்றிதழ் கேட்க வேண்டாம். ஆனால் 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த தகோட்சுபோ என்ற நிலை உண்மையானது. பேரதிர்ச்சிக்குப் பின் இதயத்தின் இடக்கீழறை முனை செயலிழந்து, அந்நாட்டு மீனவர் ஆக்டோபஸ் பிடிக்கும் பானைபோலப் புடைத்துவிடும். வலி, இசிஜி, ட்ரோபோனின் எல்லாம் மாரடைப்பு போலவே இருக்கும். ஆஞ்சியோ செய்தால் அதை விளக்கும் அடைப்பு இருக்காது. நோயாளிகளில் பெரும்பகுதி மாதவிடாய் நின்ற பெண்கள். அட்ரினலின் வகைச் சுரப்புகள் வெள்ளமாகப் பாய்வது முக்கிய காரணம் என்று கருதப்படுகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். சிலர் முதல் நாட்களில் இறப்பதும் உண்டு, ஆகவே 'மனசுக்கு வந்தது, சரியாயிடும்' என்று வீட்டில் படுக்க வைக்கக் கூடாது.

20. மூளைச்சாவுன்னு சொல்லிட்டு இதயத்தை எடுக்குறாங்க. துடிச்சுக்கிட்டிருந்தா உயிர் இருக்குன்னுதானே அர்த்தம்?

இதயம் துடிக்க மூளையின் கட்டளை தேவையில்லை. வலது மேலறையின் மேற்பகுதியில் உள்ள, 1907இல் கீத்தும் ஃப்ளாக்கும் கண்டறிந்த சிறு முடிச்சு தானே மின்தூண்டலை எழுப்புகிறது. ஆக்ஸிஜன் கிடைக்கும்வரை, உடலுக்கு வெளியே எடுத்த இதயம்கூடத் துடிக்கும். மூச்சுக்குத்தான் மூளைத்தண்டு வேண்டும். மூளைச்சாவில் மூச்சை வெண்டிலேட்டர் தருகிறது, அதனால் இதயம் ஓடுகிறது. வெண்டிலேட்டரைச் சற்று நிறுத்தி, கரியமில வாயு ஏறியும் மூச்சு முயற்சி எழுகிறதா என்று பார்ப்பது அந்தப் பரிசோதனையின் முக்கியப் படி. இந்தியச் சட்டப்படி மருத்துவர் குழு 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும்.

எடுத்த இதயத்தைப் பொட்டாசியம் மிகுந்த குளிர்கரைசலால் நிறுத்தி, ஐஸ்பெட்டியில் வைத்தால் சுமார் 4 மணி நேரம்தான் கெடு. 2008 செப்டம்பரில் சென்னையில் விபத்தில் மூளைச்சாவடைந்த 15 வயதுச் சிறுவனின் இதயத்துக்காகப் போக்குவரத்தை நிறுத்தி வழி விட்டதும், மாநிலமே உறுப்பு தானத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் இந்தக் கெடுவால்தான்.

21. வேற ஒருத்தர் இதயம் வச்சா அவங்க ஆசை, ஞாபகமெல்லாம் கூடவே வருமா?

வந்ததற்குச் சான்று இல்லை. 1967 டிசம்பர் 3இல் கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் செய்த முதல் மாற்றிலிருந்து, 1968இல் மும்பையில் பி.கே. சென் செய்த முயற்சி, 1994இல் டெல்லி எய்ம்ஸில் வேணுகோபால் குழு பெற்ற வெற்றி என இந்தக் கேள்வி கூடவே வருகிறது. சுவையும் மனநிலையும் மாறியதாகச் சிலர் சொல்வது உண்மை. புது இதயத்தை உடல் ஒதுக்காமலிருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு பசியைக் கூட்டும், மனநிலையைக் குலைக்கும். மரணத்தின் வாசல்வரை போய் வந்த ஆளின் ஆசைகள் மாறுவதற்கு வேறு இதயமும் தேவையில்லை.

உண்மையில் நடக்கும் மாற்றம் வேறு. மாற்றும்போது நரம்புகள் அறுபடுகின்றன. புது இதயம் தன் முடிச்சின் சொந்த வேகத்தில், ஓய்விலேயே நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை துடிக்கும். படியேறத் தொடங்கினால் உடனே வேகமெடுக்காது. ரத்தத்தில் அட்ரினலின் வந்து சேரச் சில நிமிடம் ஆகும். ஆகவே உடற்பயிற்சிக்கு முன் மெதுவாகச் சூடேற்றிக்கொள்ளவும், நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்கவும் சொல்கிறார்கள். அடைப்பு வந்தாலும் நெஞ்சுவலி தெரியாமல் போகலாம் என்பதால் குறித்த காலத்தில் ஆஞ்சியோ எடுக்கிறார்கள்.

22. இதயத்துக்குள்ளேயே ஒரு குட்டி மூளை இருக்குன்னு வீடியோல சொல்றாங்களே. அப்ப அரிஸ்டாட்டில் சொன்னது சரிதானா?

இதயத்தின் மேற்பரப்பில் பல ஆயிரம் நரம்பணுக்கள் கொத்துக் கொத்தாக இருப்பது உண்மை. அவை துடிப்பின் வேகத்தையும் வலுவையும் அந்தந்த நொடிக்கு ஏற்பச் சரிசெய்கின்றன. யோசிப்பதோ நினைவில் வைப்பதோ அவற்றின் வேலை இல்லை. குடலில் இதைவிடப் பல மடங்கு நரம்பணுக்கள் இருக்கின்றன, குடல் கவிதை எழுதுவதாக யாரும் சொல்வதில்லை.

ஆனால் பாதை ஒருவழி அல்ல. வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பகுதி உள்ளுறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகின்றன. இதயம் தாறுமாறாகத் துடித்தால் காரணமில்லாத பயம் வரும். படபடப்பு என்று மனநல மருத்துவரிடம் அனுப்பப்பட்ட சிலருக்கு இசிஜியில் வேகத்துடிப்பு நோய் பிடிபட்டிருக்கிறது. அப்படி வந்து வந்து போகும் படபடப்புக்கு, வந்திருக்கும் நேரத்திலேயே எடுத்த இசிஜிதான் பயன். வந்தபின் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அடங்கிவிடுகிறது என்றால், 24 மணி நேரம் அல்லது அதற்கு மேல் உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஹோல்டர் பதிவுக் கருவியைக் கேளுங்கள். எத்தனை மணிக்கு வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதைக் கூடவே ஒரு தாளில் குறித்து வையுங்கள்.